613ஆம் வரி

2018ஆம் ஆண்டில் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட பலருக்கு ஓர் எச்சரிக்கைச் செய்தி இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று உபுண்டு 18.04 வந்தது. நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு என்பதால் 16.04இல் இருந்தவர்கள் நம்பிக்கையோடு மாறினார்கள். மாறி முடித்து, பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, ஏதாவது ஓர் அட்டவணையைக் கிளிக் செய்ததும் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். எஸ்க்யூஎல் தொடர்பான நூலகக் கோப்பின் 613ஆம் வரியில் எச்சரிக்கை. கவுன்ட் என்னும் எண்ணும் ஃபங்ஷனுக்குக் கொடுப்பது ஓர் அரேயாகவோ எண்ணத்தக்க ஆப்ஜெக்டாகவோ இருக்க வேண்டும் என்று அது சொல்லும். அதன் கீழே எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல் இருக்கும். இதைப் புகாராக அனுப்பவா, எல்லாவற்றையும் புறக்கணிக்கவா என்று கேட்கும் பொத்தான்களும் இருக்கும். நேற்றுவரை நன்றாக ஓடியது, அப்கிரேட் செய்ததும் கெட்டுவிட்டது என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அந்தப் பேச்சு தவறு என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அந்தச் சம்பவத்தில் அப்கிரேட் எதையும் கெடுக்கவில்லை. நெடுநாளாகக் கெட்டுக் கிடந்த ஒன்றை அது வாய்விட்டுச் சொன்னது, அவ்வளவுதான். இதை வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. பழியை எங்கே போடுகிறோமோ அங்கேதான் கோளாறைத் தேடுவோம். தவறான இடத்தில் தேடினால் கைக்குக் கிடைக்கும் திருத்தமும் தவறாகத்தான் இருக்கும்.

முதலில் யார் யார் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டும். பிஎச்பிமைஅட்மினை 1998இல் தொடங்கியவர் டோபியாஸ் ராட்ஷில்லர். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைக் கட்டளை வரியில் உட்கார்ந்து ஆள வேண்டியிருந்த காலத்தில், பிரௌசரிலேயே அட்டவணைகளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் அது வழி செய்தது. நேரம் போதாமல் 2000இல் அவர் விலகிக்கொள்ள, அடுத்த ஆண்டு ஆலிவியே முல்லர், மார்க் டெலில், லோயிக் ஷாப்போ மூவரும் எடுத்து நடத்தினார்கள். அதன் பிறகு இன்றுவரை பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் அது ஓடுகிறது. அது எழுதப்பட்ட மொழியான பிஎச்பியைப் பராமரிப்பவர்கள் வேறு. இரண்டையும் எடுத்துப் பொதியாகக் கட்டி, ஒரே கட்டளையில் நிறுவும்படி தருகிற உபுண்டு, டெபியன்காரர்கள் வேறு. 18.04இன் பொதியில் இருந்த பிஎச்பிமைஅட்மின் 4.6.6 வெளியானது 2017 ஜனவரியில். அதோடு வந்த பிஎச்பி 7.2 வெளியானது 2017 நவம்பர் 30 அன்று. கருவி எழுதப்பட்டபோது அந்த மொழிப் பதிப்பு பிறக்கவே இல்லை. நடுவில் 4.7 வந்துவிட்டது, உபுண்டு வெளியான அதே ஏப்ரலில் 4.8ம் வந்துவிட்டது. ஆனாலும் பொதிக்குள் பழையதே இருந்தது. உபுண்டுவின் முதன்மைத் தொகுப்பில் அல்லாமல், சமூகப் பங்களிப்பாளர்கள் பார்த்துக்கொள்ளும் யூனிவர்ஸ் தொகுப்பில் அது இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சம்பளமில்லாத கைகள் குறைவு. ஆகவே யாரையும் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. புதிய மொழியும் பழைய கருவியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வெளியீட்டுக்குள் வந்து சேர்ந்தன என்ற உண்மையைத்தான் இந்தத் தேதிகள் காட்டுகின்றன.

இப்போது அந்த 613ஆம் வரிக்கு வருவோம். அது இருக்கும் ஃபங்ஷனின் வேலை மிகச் சிறியது. ஓர் அட்டவணையை நீங்கள் ஒரு பத்தியின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால், பிஎச்பிமைஅட்மின் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதே வரிசையில் காட்டும். எல்லாக் கேள்விக்கும் இப்படிச் செய்துவிட முடியாது. ஒரே அட்டவணையிலிருந்து எல்லாப் பத்திகளையும் அப்படியே கேட்கும் எளிய கேள்விக்குத்தான் இது பொருந்தும். ஆகவே கேள்வியில் தேர்ந்தெடுத்த அம்சங்களின் பட்டியலை எடுத்து, அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, அந்த ஒன்று நட்சத்திரக் குறிதானா என்று பார்க்க வேண்டும். எழுத நினைத்தது இது: கவுன்ட்(பட்டியல்) == 1. கோப்பில் இருந்தது இது: கவுன்ட்(பட்டியல் == 1). மூடும் அடைப்புக்குறி இடம் மாறிவிட்டது. முதலாவது பட்டியலை எண்ணி, விடை ஒன்றா என்று பார்க்கிறது. இரண்டாவது, பட்டியலே ஒன்றுக்குச் சமமா என்று கேட்டு, அதற்கு வரும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலை எடுத்து எண்ணப் பார்க்கிறது. ஓர் அரேயும் ஓர் எண்ணும் சமமா என்று கேட்டால் பிஎச்பியின் பதில் எப்போதும் இல்லை என்பதுதான். அந்த ‘இல்லை’யை எண்ணச் சொன்னால் என்ன கிடைக்கும்? 7.2க்கு முந்தைய பிஎச்பி, அரேயோ எண்ணத்தக்க ஆப்ஜெக்டோ அல்லாத எதைக் கொடுத்தாலும் மறுபேச்சு பேசாமல் 1 என்று சொல்லும். நல் என்னும் வெறுமைக்கு மட்டும் 0. ஒன்று என்றால் நிபந்தனைக்கு ஆம் என்று பொருள். ஆக, பட்டியலில் இருப்பது ஒன்றுதானா என்ற அந்தச் சோதனை ஒருபோதும் நடக்கவே இல்லை. நடந்ததுபோல ஆம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதை யோசிக்கும்போதுதான் எனக்கு விஷயம் ஆழமாகத் தெரிகிறது. அட்டவணையைக் கிளிக் செய்யும்போது கருவி தானே உண்டாக்கும் கேள்வியில் இருப்பது நட்சத்திரம் மட்டும்தான். சோதனை நடந்திருந்தாலும் அங்கே பதில் ஆம்தான். ஆகவே அன்றாடப் பயன்பாட்டில் சரியான விடையே கிடைத்தது. நட்சத்திரத்தோடு இன்னொரு கணக்கையும் சேர்த்து, மொத்த விலையும் வேண்டும் என்று யாராவது கேட்டால்தான் வேறுபாடு வரும். முதல் உறுப்பு நட்சத்திரமாக இருந்தால் போதும், பின்னால் என்ன இருந்தாலும் இந்தச் சோதனை கேள்வியைத் தடுக்காமல் விட்டுவிடும். வரக்கூடிய கெடுதல் என்ன? வரிசை மாறித் தெரியலாம், அவ்வளவுதான். தரவு அழியாது. இதை நான் மறைக்கப் போவதில்லை. இந்தக் குறிப்பிட்ட தவறு சிறியது. ஆனால் அது சிறியது என்று எப்படித் தெரிந்தது? வரியைத் திறந்து படித்த பிறகுதான் தெரிந்தது. எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்த நிமிடத்தில் யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. இதே அடைப்புக்குறித் தவறு, தேர்ந்தெடுத்த வரிகளை நீக்கும் இடத்தில் இருந்திருந்தால் கதை வேறு. தரவுத்தளத்தைத் தொடும் ஒரு கருவியில், எண்ணிக்கை சரியா என்ற கேள்விக்கு ஒரு நிபந்தனை எப்போதும் ஆம் என்றே சொல்கிறது என்பது தெரிந்தால், அதை ஆராயாமல் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை என்றே சொல்வேன்.

அன்று புழங்கிய வைத்தியங்களைப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். முதல் வகை, செட் (sed) கட்டளையில் ஒரே வரி. கோப்பில் அந்த இடத்தைத் தேடி, அடைப்புக்குறியைச் சரியான இடத்தில் மூடிவிடும். விளைவு சரிதான், பிற்காலப் பதிப்புகளில் கருவியின் ஆசிரியர்கள் செய்த திருத்தமும் பொருளில் இதுவே. ஆனால் பெரும்பாலும் அது விளக்கமில்லாமல் கைமாறியது. அந்தக் கட்டளையை எடுத்து ஒட்டியவர்களில் எத்தனை பேர் அது எதை மாற்றுகிறது என்று பார்த்திருப்பார்கள்? பொதியின் கோப்பைக் கையால் மாற்றினால் அடுத்த பாதுகாப்பு அப்டேட் வரும்போது அது மேலெழுதப்படும். ஏன் மாற்றினோம் என்று எழுதி வைக்காதவருக்கு அன்று அதே எச்சரிக்கை புதிய மர்மமாகத் திரும்பி வரும். இரண்டாவது வகை, வாயை அடைப்பது. பிழைச் செய்தி அனுப்பும் அமைப்பை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றினால் பெட்டி மறையும். பிஎச்பியின் எச்சரிக்கைகளையே ஒட்டுமொத்தமாக அணைத்தாலும் மறையும். இரண்டிலும் 613ஆம் வரி அப்படியே இருக்கும். சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. கணக்கில் இடிக்கிறது என்று தணிக்கைக்காரர் எழுதிய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, ஏனென்றால் அது திருத்தம்போலவே தோன்றும். 613ஐச் சரிசெய்தவர்கள் ஏற்றுமதி, இறக்குமதிப் பக்கங்களைத் திறந்ததும் இன்னொரு கோப்பில் இதே எச்சரிக்கை வந்தது. அங்கே அடைப்புக்குறித் தவறு இல்லை. ஏற்றுமதி வடிவத்துக்கான தேர்வுகளின் தொகுதி காலியாக இல்லையே என்று பார்ப்பதற்காக அதை எண்ணியிருந்தார்கள். ஆனால் அந்தத் தொகுதி அரே அல்ல, ஓர் ஆப்ஜெக்ட். பழைய பிஎச்பி அதற்கும் 1 என்று சொல்லிக் கடந்துபோனது. பரவலாகக் கைமாறிய வைத்தியம், எண்ணுவதற்கு முன் அதை வலுக்கட்டாயமாக அரேயாக மாற்றிவிடு என்பது. எச்சரிக்கை நின்றுவிடும். ஆனால் இப்போது எண்ணப்படுவது தேர்வுகளை அல்ல, அந்த ஆப்ஜெக்டின் உள்ளே இருக்கும் சொந்த உறுப்புகளை. தேர்வு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல்தான் வரும். முன்பு பொருளில்லாத விடை அமைதியாக வந்தது. இப்போதும் பொருளில்லாத விடைதான் அமைதியாக வருகிறது. கருவியின் ஆசிரியர்கள் செய்தது வேறு. தேர்வுத் தொகுதிக்கான அந்த வகுப்பையே எண்ணத்தக்கதாக அறிவித்து, என்னை எண்ணினால் என்னிடம் உள்ள தேர்வுகளின் எண்ணிக்கையைச் சொல் என்று அதற்குள்ளேயே எழுதினார்கள். எச்சரிக்கைச் செய்தியில் ‘எண்ணத்தக்க ஆப்ஜெக்ட்’ என்ற சொல் வெறுமனே வரவில்லை. செய்ய வேண்டிய வழி அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. முதல் கோப்பில் அரேயைக் கொடு, இரண்டாவதில் எண்ணத்தக்கதாக ஆக்கு என்று இரண்டு இடத்துக்கும் இரண்டு விடைகளை அந்த ஒரு வாக்கியமே சொல்லியிருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. சின்ன அலுவலகத்தில் ஒற்றை ஆளாகச் சர்வரைப் பார்த்துக்கொள்பவர், இரவு பத்து மணிக்கு அப்கிரேட் முடித்திருக்கிறார். காலை ஒன்பதுக்கு எல்லோரும் வேலைக்கு வந்துவிடுவார்கள். அவரிடம் போய் மூல நிரலைப் படி, வகுப்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார் என்றால் அது உதவியா? கிடைத்த ஒரு வரியை ஒட்டிவிட்டு அவர் தூங்கப் போவதில் என்ன குற்றம்? குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அவசரத்தின் பெரும்பகுதி ஒரு மயக்கத்தால் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிஎச்பிமைஅட்மின் ஒரு ஜன்னல்தான். தரவுத்தளம் அதற்குப் பின்னால் தனியாக ஓடுகிறது. ஜன்னலில் எச்சரிக்கை வந்தது என்பதால் தளம் நின்றுவிடவில்லை. மைஎஸ்க்யூஎல்லின் சொந்தக் கட்டளை நிரலில் நுழைந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால் தளம் உயிரோடு இருப்பது தெரியும். மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்துக்கொண்டால் பேக்கப்பும் கையில் இருக்கும். இவ்வளவையும் செய்தபிறகு காலை ஒன்பது மணி அவ்வளவு பயமுறுத்தாது. இந்த நேரத்தில் பலரைக் குழப்புகிற இன்னொரு விஷயமும் உண்டு. கட்டளை வரியில் பிஎச்பி பதிப்பைக் கேட்டால் வரும் எண்ணும், வலை சர்வரான அபாச்சி உண்மையில் பயன்படுத்தும் பிஎச்பியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அப்கிரேடுக்குப் பிறகு 7.0க்கான அபாச்சி மாட்யூல் அணைக்கப்படாமல் கிடக்கலாம், 7.2க்கானது இயக்கப்படாமல் இருக்கலாம். பிரௌசர் வழியாகப் பிஎச்பி தகவல் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் உண்மை எண் தெரியும். தவறான எண்ணை நம்பித் தொடங்கினால் அதன்பின் செய்யும் ஒவ்வொரு சோதனையும் வீண். ஆகவே அவசரக்காரருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒட்டுங்கள், ஆனால் எந்தக் கோப்பில், எந்த வரியில், எதற்காக மாற்றினீர்கள் என்று அதே இரவில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இருந்தால் ஒட்டுப்போட்டது தற்காலிக ஏற்பாடு. இல்லாவிட்டால் அது நிரந்தரமாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பழையது: ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்திக் கழற்ற வேண்டும், பழைய பதிப்பிலேயே இருந்திருக்கலாமே என்பது. உதாரணமாக, பிஎச்பி 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31உடன் நின்றன. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை மொழியைப் பராமரிப்பவர்கள் அடைக்க மாட்டார்கள். தரவுத்தளத்தையே திறந்து காட்டும் ஒரு கருவியை அப்படிப்பட்ட மொழிப் பதிப்பின் மேல் இணையத்தில் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் மறுப்பவர்கள் கையில் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அதை நானே எடுத்து வைக்கிறேன். 613ஆம் வரியின் தொல்லை தாங்காமல் புதிய பிஎச்பிமைஅட்மின் 4.8.0க்கோ 4.8.1க்கோ தாவியவர்கள், 4.6.6இல் இல்லாத ஒரு பெரிய ஓட்டைக்குள் விழுந்தார்கள். உள்ளே நுழைந்த ஒரு பயனர், பக்கத்தின் முகவரியைத் தந்திரமாக அமைத்து, சர்வரிலுள்ள வேறு கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளச் செய்ய முடிந்தது. சில சூழல்களில் நிரலையே ஓட்ட முடிந்தது. 2018 ஜூனில் வந்த 4.8.2தான் அதை அடைத்தது. பார்த்தீர்களா, புதியது எல்லாம் பாதுகாப்பு இல்லை என்று கேட்டால், ஆமாம் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஓட்டை சில வாரங்களில் வெளியே வந்ததும் அடைபட்டதும் எதனால்? அந்தக் கிளையின் நிரலைப் பராமரிக்கவும் துருவிப் பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். கைவிடப்பட்ட பதிப்பில் ஓட்டை இல்லை என்று நமக்குத் தோன்றுவதற்குப் பல சமயம் காரணம், யாரும் தேடவில்லை என்பதுதான். ஆகவே அப்கிரேட் செய்வது ஆபத்தில்லாத காரியம் என்று நான் வாதிடவில்லை. ஆளில்லாத பதிப்பைவிட ஆளிருக்கும் பதிப்பின் ஆபத்தைச் சமாளிப்பது எளிது என்கிறேன். இந்த இடத்தில் டெபியனின் ஒரு முடிவை மதிப்போடு குறிப்பிட வேண்டும். 2019 ஜூலையில் வந்த டெபியன் 10இன் நிலையான தொகுப்பில் பிஎச்பிமைஅட்மின் இடம்பெறவில்லை. பலருக்கு எரிச்சல்தான். ஆனால் பொருந்தாத பழைய பதிப்பைக் கட்டிக் கொடுப்பதைவிட, இப்போதைக்கு இல்லை என்று நிற்பது பயனாளருக்குச் செய்யும் நேர்மையான காரியம். வேண்டியவர் கருவியின் ஆசிரியர்களிடமிருந்தே நேராகப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். எதை நிறுவினோம் என்ற தெளிவாவது இருக்கும்.

மூன்றாவது மறுப்பு மொழியை நோக்கியது. இருபது ஆண்டாக ஏதோ ஒரு விடை சொல்லிக்கொண்டிருந்த கவுன்ட், திடீரென்று குறை சொல்லத் தொடங்கினால் உலகம் முழுவதும் ஓடும் பழைய நிரல்கள் என்ன ஆவது? பின்னோக்கிய பொருத்தத்தைக் காப்பது மொழியின் கடமை இல்லையா? இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தனிமனிதர்களின் வலைப்பக்கங்களுக்காக வெளியிட்ட சின்னக் கருவிகளிலிருந்து வளர்ந்த மொழி அது. கணினி அறிவியல் படிக்காத லட்சக்கணக்கானவர்கள் நிரல் எழுத வந்தது அதன் தாராள குணத்தால்தான். எழுத்தை எண்ணாகவும் எண்ணை எழுத்தாகவும் எடுத்துக்கொள்வது அந்தத் தாராளத்தின் பகுதி. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஆனால் எண்ண முடியாத ஒன்றைக் கொடுத்தால் ஒன்று என்று சொல்வது தாராளம் ஆகாது. கேட்டவர் விடையை நம்பித்தான் அடுத்த வேலையைச் செய்யப் போகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் ஓர் எண்ணைக் கையில் திணிப்பது அவரை ஏமாற்றுவது. மாற்றத்தைக் கொண்டுவந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 7.2இல் எச்சரிக்கை மட்டும்தான். பழைய விடையும் கூடவே வரும், நிரல் தொடர்ந்து ஓடும். 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0இல்தான் அது நிரலை நிறுத்தும் பிழையானது. இடையில் மூன்று ஆண்டு அவகாசம். அந்த மூன்று ஆண்டும் எச்சரிக்கையை மறைத்து வைத்திருந்தவருக்கு மட்டும்தான் 8.0 திடீர் அதிர்ச்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதம் எங்கே நிற்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும். அப்கிரேடுக்குப் பின் வரும் எல்லாக் கோளாறும் பழைய தவறின் வெளிப்பாடு அல்ல. 613ஆம் வரி தொல்லை கொடுத்த அதே ஏப்ரலில்தான் மைஎஸ்க்யூஎல் 8.0 பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை நிறுவியவர்கள் பிஎச்பிமைஅட்மினில் நுழையவே முடியாமல் நின்றார்கள். சிலருக்கு, சர்வர் அனுப்பிய 255 என்ற எழுத்துத் தொகுதி எனக்குத் தெரியாது என்று செய்தி வந்தது. வேறு சிலருக்கு, சர்வர் கேட்கும் அடையாளச் சோதனை முறை எனக்குத் தெரியாது என்று வந்தது. இங்கே பிஎச்பிமைஅட்மினின் நிரலில் தவறு எதுவும் இல்லை. மைஎஸ்க்யூஎல் தன் இயல்பு எழுத்துமுறையை யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றியது. 255 என்பது அதற்கான புதிய வரிசைமுறையின் எண். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்பு முறையையும் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டிலிருந்து கேஷிங் ஷா2வுக்கு மாற்றியது. பிஎச்பிக்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் இணைப்பு நூலகம் அப்போது இந்தப் புதிய முறைகளை அறிந்திருக்கவில்லை. எழுத்துமுறைச் சிக்கல் பிஎச்பியின் புதிய பதிப்புகளோடு தீர்ந்தது. கேஷிங் ஷா2வை நம்பிப் பயன்படுத்த 7.4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் ஒப்பந்தமே மாறிய கதை. மைஎஸ்க்யூஎல்தான் மாற்றியது, பிஎச்பியின் இணைப்பு நூலகம் பின்தங்கியிருந்தது. இங்கே அப்கிரேடைக் குறை சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. எந்தக் கோளாறு எந்த வகை என்பதை எப்படிப் பிரிப்பது என்றால், மறுபடியும் செய்தியைப் படித்துத்தான். ஒரு செய்தி ஒரு கோப்பையும் வரியையும் காட்டி, நீ கொடுத்தது சரியில்லை என்கிறது. மற்றது, எதிரிலிருப்பவர் பேசுவது எனக்குப் புரியவில்லை என்கிறது. முதலாவதில் நிரலைத் திறக்க வேண்டும். இரண்டாவதில் நிரலைத் தொடவே கூடாது. இரண்டு பக்கப் பதிப்புகளையும் பொருத்த வேண்டும்.

அந்த இரண்டாவது வகைக்கு அன்று கிடைத்த எளிய வழி, பயனர் கணக்கைப் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறைக்கே திருப்பிவிடுவது. ஒரே கட்டளை, உடனே உள்ளே நுழையலாம். இணைப்பு நூலகம் தயாராகாத காலத்தில் அது ஒன்றுதான் கதவு என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிஎச்பி 7.4 வந்த பிறகும் அந்தக் கணக்குகளை அப்படியே விட்டுவைத்ததைத்தான் குறை சொல்வேன். பழைய முறை கடவுச்சொல்லைச் சேமிப்பது உப்பு சேர்க்காத ஷா1 சுருக்கமாக. ஒரே கடவுச்சொல் வைத்த இரண்டு கணக்குகளுக்கு ஒரே சுருக்கம்தான் கிடைக்கும்; அட்டவணை ஒருமுறை கசிந்தால் அதை உடைப்பது எளிது. புதிய முறை ஒவ்வொரு கணக்குக்கும் தனி உப்பு சேர்த்து, ஷா256ஐப் பல சுற்று ஓட்டிச் சேமிக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த மைஎஸ்க்யூஎல் 8.4இல் பழைய முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் மட்டும் திரும்ப வரும். அதே ஆண்டு ஜூலையில் வந்த 9.0இல் அது அறவே நீக்கப்பட்டுவிட்டது. 2018இல் திருப்பிவிடப்பட்ட கணக்கு ஒன்று இன்னும் எங்காவது இருந்தால் 9.0இல் அதற்கு நுழைவு கிடையாது. பேக்கப் எடுக்கும் கணக்கு, மாத அறிக்கைக்காக யாரோ உண்டாக்கிய கணக்கு போன்றவைதான் பெரும்பாலும் இப்படி மறந்துபோய்க் கிடக்கும். பிஎச்பிமைஅட்மினிலேயே இவற்றைக் கண்டுபிடிக்கலாம்: மைஎஸ்க்யூஎல் என்ற அமைப்புத் தரவுத்தளத்தில் யூசர் அட்டவணையைத் திறந்து, ப்ளக்இன் என்ற பத்தியைப் பார்த்தால் எந்தக் கணக்கு எந்த முறையில் இருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். அப்கிரேட் கட்டளையைக் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பத்தியைப் பார்த்துவிட வேண்டும்.